மடை உடைந்த சத்தம்

"ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாயிற்றே டாக்டரம்மா, நார்மல் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்?" பெங்களூரு அல்சூரிலிருந்து வந்திருந்த அந்த அம்மா உறையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே, சாய மருந்து செலுத்தாமல் எடுத்த தலை சி.டி. ஸ்கேன். மகனுக்கு 24 வயது. இரண்டாம் முறையாக வலிப்பு வந்திருந்தது.

ஏ.வி.எம். என்பது மூளையில் தமனியும் சிரையும் நேராகப் பின்னிக்கொள்ளும் கோளாறு. வெடிக்காதவரை அது அந்த ஸ்கேனில் பிடிபடாமல் போகக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது: வலது பக்கம் நூல்கண்டு போன்ற ரத்தநாளச் சிக்கல். ஆனால் அது வடிவம். ரத்தம் எப்படி ஓடுகிறது என்பது வேறு கேள்வி.

காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்தேன். இடது பக்கச் சத்தம் துடிப்போடு எழுந்து அடங்கியது. வலது பக்கம் அடங்கவே இல்லை. இரண்டு துடிப்புக்கு நடுவிலும் இரைந்தது. நடு மூளைத் தமனியில் ரத்தத்தின் சராசரி வேகம் நொடிக்கு 60 செ.மீ. அளவில் இருக்கும். இங்கே அதைப்போல் இரு மடங்கு.

"மடை உடைந்த மாதிரி கேட்கிறதே" என்றார் அம்மா. தருமபுரிப் பக்கம் பிறந்தவர். பாடப்புத்தகம் ஒரு பக்கம் முழுக்க எழுதுவதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்கவேண்டிய தந்துகிகள், அதாவது மயிரிழை போன்ற நாளங்கள்தான் அந்த மடை. அவை இல்லாததால் தமனி ரத்தம் வேகம் தணியாமல் மெல்லிய சிரைக்குள் பாய்கிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்கு அது கசிகிறது அல்லது வெடிக்கிறது.

டாப்ளரை மட்டும் நம்ப முடியாது. சில முதியவர்களின் மண்டையோட்டு எலும்பு ஒலியை உள்ளே விடாது. நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தம் என்று ஊசியே போடாமல் அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் உண்டு. ஆனாலும் சிகிச்சையை முடிவுசெய்யும்போது ஆஞ்சியோகிராம்தான். 1927இல் லிஸ்பனில் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த பரிசோதனைக்கு இன்னும் மாற்று வரவில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைக்கும் மெல்லிய குழாய் வழியே சாய மருந்து போகும்; முகத்தில் ஒரு கணம் சூடு பரவும். சாயம் சிரைக்கு வரச் சாதாரணமாக நான்கைந்து நொடி ஆகும். இந்தப் பையனுக்குத் தமனி நிறையும்போதே சிரையும் கறுத்தது.

சாய மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: ஃபிலிமைச் சுருட்டி எடுத்துவருகிறவர்கள் குறுந்தகட்டை வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். ஆஞ்சியோ ஓடும் படம். ஃபிலிமில் ஓட்டம் தெரியாது, தகட்டைக் கொண்டுவாருங்கள்.