“ஆபரேஷன் பண்ணியாச்சே, இனி எதுக்கு?”

முப்பது வயது தாண்டிய பெண்களைக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், உசிலம்பட்டி பக்கத்து ஊர்களில் நான் அதிகம் கேட்கும் பதில் இது: “குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சே டாக்டரம்மா, இனிமே அங்க பாக்க என்ன இருக்கு?” அந்த ஆபரேஷனில் கட்டுவது கருக்குழாயை மட்டும்தான். கருப்பையும் அதன் வாயும் அப்படியே இருக்கின்றன. புற்றுநோய் வருவது அந்த வாயில்.

காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவில் தொற்றும் என்று சொன்னதுமே சிலருக்கு முகம் மாறிவிடும், நடத்தையைச் சந்தேகிக்கிறோமோ என்று. அப்படியில்லை. பெரும்பாலோருக்கு என்றாவது ஒருமுறை வந்து, ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும் கிருமி அது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, அங்குள்ள செல்களை மெல்ல மாற்றும். புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். அந்த மாற்றம் நடக்கும்போது வலியும் இருக்காது, இரத்தமும் படாது. “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்பவரையே நான் விடாமல் கூப்பிடுவது அதனால்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது எளிய சோதனை. திரைக்குப் பின்னால் காலை மடக்கிப் படுக்க வேண்டும். நர்ஸ் ஒரு கருவியால் வழியை விரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றுவார். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், லேசாக எரியலாம். ஒரு நிமிடம் பொறுத்தால், செல்கள் மாறியிருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். தெரியாவிட்டால் ஐந்து வருடம் கழித்து மறுபடி வந்தால் போதும்.

இதனால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்து மாவட்டத்தையே காட்டுவேன். திண்டுக்கல்லில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இந்தச் சோதனையை ஒரே ஒரு முறை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. 2007இல் வெளியான ஆய்வு முடிவில், இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

என் பெரிய கவலை, வெள்ளை தெரிந்த பிறகு வராமல் போகிறவர்கள். ‘பாசிட்டிவ்’ என்றதும் கேன்சர் என்றே முடிவு கட்டி, சீட்டை வீட்டு அலமாரியில் செருகிவிடுகிறார்கள். ஒரு நாள் கூலி போகும், மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டும், மாமியாரிடம் என்ன சொல்வது... தடை ஒன்றா இரண்டா? சாதாரண அழற்சிகூட வெள்ளையாகத் தெரியும் அம்மா. அடுத்து கால்போஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்ப மாற்றம்தான் என்றால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சுட்டோ அழித்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் சில வாரம் நீர்போலப் படும், ஒரு மாதம் உறவு வேண்டாம், ஒரு வருடத்தில் மறுபரிசோதனை. கணவர்களே, அந்த ஒரு நாள் நீங்களே துணைக்குப் போங்கள்.

மகளுக்கு 9 முதல் 14 வயதென்றால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தடுப்பூசி போட்டவளும் முப்பதுக்குப் பிறகு பரிசோதனைக்கு வரவேண்டும்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு அமிலச் சோதனை சரிவரத் தெரியாது. எச்.பி.வி. சோதனையோ, கருப்பை வாய்ச் செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ செய்யச் சொல்லிக் கேளுங்கள். தீட்டு நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ, வெள்ளைப்படுதலில் துர்நாற்றம் இருந்தாலோ, “சூடு” என்று வெந்தயம் ஊறவைத்து நாளைக் கடத்தாதீர்கள். முகாம் வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். மறுநாள் காலையிலேயே டாக்டரைப் பாருங்கள்.