வெள்ளைப் புள்ளியா, வெள்ளைப் பஞ்சா? கலப்பின மீன்களின் உடம்பும் தண்ணீரும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வீட்டு முன்னறைகளில் இப்போது அதிகம் கண்ணில் படும் மீன்கள் இரண்டு. ஒன்று, நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன். 'வாஸ்து மீன்' என்று சொல்லி விற்கிறார்கள். இன்னொன்று, ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, வாயைப் பிளந்தபடியே திரியும் பிளட் பேரட். இரண்டுமே எந்த ஆற்றிலும் தானாகப் பிறந்தவை அல்ல. மத்திய அமெரிக்காவின் சிக்லிட் என்ற குடும்பத்து மீன் இனங்களை ஒன்றோடொன்று கலந்து, 1980களில் தைவானில் பிளட் பேரட்டையும், 1990களில் மலேசியாவில் ஃபிளவர்ஹார்னையும் உருவாக்கினார்கள். ஆசையாக வாங்கி வந்த மீன் சுணங்கினால், கடையில் நீலம், மஞ்சள், பச்சை என்று ஏதோ ஒரு பாட்டிலை எடுத்துத் தருகிறார்கள். நோய் எது என்று பார்க்காமல் ஊற்றும் மருந்து, பல நேரங்களில் நோய்க்கு முந்திக்கொண்டு மீனைக் கொன்றுவிடுகிறது. அதனால் முதலில் இந்த மீன்களின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிளட் பேரட் தின்பதைத் தொட்டிக்கு அருகில் உட்கார்ந்து பாருங்கள். அதன் வாய் செங்குத்தான ஒரு சின்னப் பிளவு; முழுவதும் மூடாது. தீனிக் குருணையைக் கடிக்க வராமல் உறிஞ்சி உள்ளே இழுத்து, தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைக்கும். அரைத்ததில் ஒரு பங்கு தூளாகச் செவுள் வழியே வெளியே வந்து, அடி மணலில் படிந்து அழுகும். முதுகெலும்பும் காற்றுப்பையும்கூடப் பல மீன்களில் கோணலாகவே அமைந்திருக்கின்றன. வயிறு கட்டிக்கொண்டால் உடனே ஒருக்களித்து நீந்தத் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மூழ்கும் சின்னக் குருணை கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் தீனி வேண்டாம். வயிறு உப்பினால், வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கிப் போடலாம்.

இனித் தண்ணீருக்கு வருவோம். நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் அளவுக்கு உப்புத்தன்மை இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் அதில் சிறு பங்குதான். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் இடைவிடாமல் ஊறும் என்பதால், மீனின் செவுள் வழியாக உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் இரவு பகலாக அதை வெளியேற்றும். உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான கோழை, இந்தக் கசிவையும் கிருமிகளையும் தடுக்கும் மதில். காயமோ ஒட்டுண்ணியோ அந்த மதிலில் ஓட்டை போட்டால் சிறுநீரகத்தின் பாடு திண்டாட்டம். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை கல்லுப்பு போட்டால் மீன் தெளிவதற்குக் காரணம் இதுதான்: உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, சிறுநீரகத்தின் சுமை இறங்குகிறது. உப்பைத் தனியாகக் கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடு ஊற்றும்போது மறுபடி உப்பு சேர்க்கக் கூடாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கியிருக்கும்.

இந்தக் கிழக்குப் பகுதியில் போர் தண்ணீர் கடினம். காரத்தன்மையும் கூட. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவு ஆபத்தில்லாத அம்மோனியம். மற்றது செவுளைப் பொசுக்கும் தனி அம்மோனியா. 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 7 உள்ள தண்ணீரில் தனி அம்மோனியாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதுவே பிஎச் 8 ஆனால் ஆறு, ஏழு சதவீதம். அதே தொட்டி, அதே தீனி, அதே மீன். நஞ்சு மட்டும் ஏறக்குறைய பத்து மடங்கு. கோடையில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும்போது இது இன்னும் ஏறும்.

இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரின் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் முதல் மாதமே மீன்கள் சாவது பெரும்பாலும் இதனால்தான். கண் பட்டதால் அல்ல. நடுக்கட்டத்தில் நைட்ரைட் கூடினால் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அப்போதும் உப்பு உதவும்: உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. குளோரின் கலந்த தண்ணீர் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் பையில் இரவெல்லாம் பயணம் செய்து வரும் மீன்களிடம் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரை அமிலமாக்கும். அதனால் சேர்ந்துகொண்டே போகும் கழிவு ஆபத்தில்லாத அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். நிமிடங்களில் அம்மோனியம் நஞ்சாக மாறும். நம் போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பையிலேயே ஊற்றிப் பழக்குவது, நல்லது செய்வதாக நினைத்து அந்த நஞ்சைக் கூட்டுவதுதான். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்தவுடன் மீனை மட்டும் வலையில் எடுத்து, நல்ல தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

இப்போது தலைப்புக்கு. உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோலத் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்து, மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். கண்ணில் படும் புள்ளி, தோலுக்கு அடியில் தின்று கொழுக்கும் ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. கொழுத்தபின் உதிர்ந்து அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் சாகும். மருந்து வேலை செய்வது அந்த நீந்தும் குஞ்சுகளின் மேல் மட்டுமே. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருவது இதனால்தான். தொட்டியை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் பெருக முடியாது. கூடவே உப்பு. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம்வரை கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும் என்பதால், காற்றுக்கல் கட்டாயம்.

ஆனால் வாயோரத்திலோ முதுகிலோ பஞ்சு ஒட்டியதுபோல, ஓரம் மஞ்சளித்த திட்டாக இருந்தால் கதையே வேறு. பார்க்கப் பூஞ்சை போலிருக்கும். பல சமயம் அது கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா. வெப்பம் கூடக்கூட அது வெறிகொண்டு வளரும். வெள்ளைப்புள்ளி என்று நினைத்து ஹீட்டரை ஏற்றினால் ஓரிரு நாளில் மீன் போய்விடும். இரவில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடாகத் தனித்தனியாக நிற்கும் புள்ளியும் படர்ந்த திட்டும் அந்த வெளிச்சத்தில் தெளிவாகப் பிரிந்து தெரியும். கொலும்னாரிஸுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். கடையில் நீட்டும் டெட்ராசைக்ளினைப் போர் தண்ணீரில் கரைத்தால், அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் மருந்தைப் பிடித்து முடக்கிவிடும். மீன் இன்னும் தின்கிறது என்றால், கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்தைத் தீனியில் கலந்து கொடுப்பதே மேல்.

ஃபிளவர்ஹார்னுக்கு வரும் தனி வில்லங்கம், தலையில் ஊசி குத்தியதுபோல் குழி விழுவது. அதற்கு முன்பே வெள்ளை நூல்போல மலம் தொங்கும். பெரும்பாலும் குடலில் ஒட்டுண்ணி பெருகியதன் அடையாளம் அது. மெட்ரோனிடசோல் என்ற மருந்துக்குக் கேட்கும், லிட்டருக்கு சுமார் 7 மில்லிகிராம். மருந்து ஊற்றும்போது பில்டரிலிருந்து கரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்தைக் கரி உறிஞ்சிவிடும். செதில் சிலிர்த்து வயிறு வீங்கியிருந்தால் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று பொருள். பிழைப்பது அரிது.

பேரட்டின் வாலை வெட்டி 'இதய மீன்' என்றும், சாயம் ஏற்றி ஊதா, பச்சை என்றும் விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். வெட்டிலும் ஊசியிலும் உடைவது மேலே சொன்ன அதே கோழை மதில்தான். வளர்க்க முடியாமல் போனாலும் வாய்க்காலில் விடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் தென்னமெரிக்காவின் ஆரபைமா மீனும், வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் என்ற மீனும் வலையில் சிக்கின. ஃபிளவர்ஹார்ன் முரட்டு வேட்டைக்காரன். சிற்றாற்றுக் கெண்டைக் குஞ்சுகளை மிச்சம் வைக்காது. கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு.