சாப்பிடும்போது மட்டும் வரும் கண்ணீர்

போலியாக அழுபவரைப் பார்த்து 'குரோக்கடைல் டியர்ஸ்' என்பது ஆங்கில வழக்கம். நாமும் 'முதலைக் கண்ணீர்' என்று தாராளமாகப் புழங்குகிறோம். மேடைப் பேச்சாளர்களுக்கு இதைவிட வசதியான வசவு கிடைக்காது. இரையைத் தின்றுகொண்டே முதலை அழும் என்ற ஐரோப்பியப் பழங்கதையிலிருந்து வந்தது. கதையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. முதலையின் உறவினங்களான அலிகேட்டர், கெய்மன் ஏழுக்குக் கரையில் தீனி வைத்துப் பார்த்தார்கள். ஐந்துக்குத் தின்னும்போது கண்ணில் நீர் வந்தது. 2007இல் வெளியான அந்த ஆய்வைத் தூண்டியவர் ஒரு நரம்பியல் மருத்துவர்.

காரணம், எங்கள் நரம்பியல் துறையில் 'முதலைக் கண்ணீர்' ஒரு நோயின் பெயர். முகவாதம் (முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து கோணிப்போவது) வந்து குணமான சிலருக்கு, பல மாதம் கழித்து, சோற்றில் கை வைத்ததும் ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டும். முகநரம்பு அடிபட்டு மறுபடி வளரும்போது, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் வழிதவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விடுகின்றன. சமையலறை சுவிட்சைப் போட்டால் ஹால் லைட் எரிகிற கதைதான். வாயில் ஊற வேண்டியது கண்ணில் ஊறுகிறது.

என்னிடம் வருகிறவர்களுக்குத் தண்ணீரைவிடப் பந்தியில் கிடைக்கும் கேள்விகள்தான் பெரிய தொல்லை. "ரசம் அவ்வளவு காரமா?" என்பதில் தொடங்கி, "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" வரை போகும். சிலர் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. கண்ணீர்ச் சுரப்பியில் போடும் போட்டுலினம் ஊசி சில மாதங்களுக்குத் தண்ணீரைக் குறைக்கும். தேவைப்பட்டால் திரும்பப் போடலாம்.

சரி, இதைவிட அவசரமான விஷயம் முகம் கோணும் அந்த முதல் நாள். 'காத்து பட்டுடுச்சு' என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். பெல்ஸ் பால்சி எனப்படும் முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். முகத்தோடு கையும் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். இது எதுவென்று வீட்டில் உட்கார்ந்து முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம், முகவாதத்தால் மூட முடியாமல் போகும் கண்ணை மறந்துவிடாதீர்கள். காய்ந்தால் கருவிழி புண்ணாகும். பகலில் மருத்துவர் தரும் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டித் தூங்குவது, வண்டியில் போகும்போது கண்ணாடி: இமை சரியாக மூடும்வரை இவை தொடரட்டும்.