தமிழ் ரேக் ஏன் சுருங்கிட்டே போகுது? கவுன்டர்ல இருந்து ஒரு லைப்ரரியன்

லைப்ரரி வேலையில எங்க யாருக்கும் புடிக்காத வேலை ஒன்னு இருக்கு, களையெடுக்கறது. ரேக்ல எடம் பத்தலன்னா எந்த புக்கை வெச்சுக்கறது எதை எறக்கறதுன்னு முடிவு பண்ணணும். கிழிஞ்சது, பூஞ்சணம் புடிச்சது, பழைய எடிஷன் சட்டப் புத்தகம், இதெல்லாம் யோசிக்கவே வேணாம். மத்ததுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல மொதல்ல பாக்கறது, கடைசியா எப்போ வெளிய போச்சுங்கறதுதான். நான் கோலாலம்பூர்ல ஒரு பொது நூலகத்துல வேலை செய்றவ, இந்த லிஸ்ட் எடுக்கறப்பல்லாம் தமிழ் புக்குங்க வரிசையா வந்து நிக்கும். புக்கு மோசம்னு இல்ல. எடுக்க ஆளில்ல, இல்லன்னா வந்து எடுத்து ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்து ரசிச்சு படிச்சிட்டு, ரொம்ப ஒழுங்கா பழைய எடத்துலயே சொருகிட்டு போயிடறாங்க. நல்ல பழக்கம்தான், ஆனா யாரோ படிச்சாங்கன்னு கம்ப்யூட்டருக்கு எப்படி தெரியும்? அதனால படிச்சு முடிச்சா மேசை மேலயே விட்டுடுங்க, இல்ல ட்ராலில போடுங்க. நெறைய லைப்ரரில அதை ஸ்கேன் பண்ணிட்டுதான் திரும்ப அடுக்குவாங்க, அதுவும் கணக்குல ஏறும்.

அடுத்த வருஷம் எந்த மொழியில எவ்ளோ வாங்கறதுன்னு மீட்டிங்ல பேசறப்போ மேசையில இருக்கறதும் எத்தனை தடவை வெளிய போச்சுங்கற இதே நம்பர்தான். "தமிழ் புக்கு யாரும் கேக்கறதில்லையே"ன்னு ஒருத்தர் சொன்னா நான் எதைக் காட்டி பேசறது?

கேக்காததுக்கு ஒரு காரணம், தேடினா கெடைக்காது. புக்கு தேடற கம்ப்யூட்டர் பட்டியல்ல, அதான் கேட்டலாக்ல, தமிழ் எழுத்துல டைப் பண்ணி ஒன்னும் வரலன்னதும் புக்கே இல்லேன்னு நெனச்சு போயிடறவங்க அதிகம். பல எடத்துல தமிழ் தலைப்பை ஆங்கில எழுத்துலதான் ஏத்தி வெச்சிருப்பாங்க, அதுவும் நாம வாட்ஸ்அப்ல அடிக்கற மாதிரி இல்ல. லைப்ரரிகாரங்க பயன்படுத்தற முறையில 'ச'வுக்கு எஸ் கெடையாது, சி. 'த'வுக்கு டிஎச் இல்ல, வெறும் டி. 'ழ'வுக்கு இசட்எச் இல்ல, அடியில கோடு போட்ட எல். சிறுகதைன்னு தேடணும்னா எஸ்ல ஆரம்பிச்சு ஒரு தடவை, சி போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்க. அதுவும் வரலன்னா நம்பரைப் புடிச்சு போங்க. புக்குக்கு பொருள் வாரியா நம்பர் போடற டியூயி முறையில அடுக்கற லைப்ரரி எதுவா இருந்தாலும் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி, இலக்கணம் 494.811. முதுகு ஸ்டிக்கர்ல இந்த நம்பரைப் பாத்துட்டே நடந்தா போதும். சில எடத்துல தமிழுக்குன்னு தனி ரேக் இருக்கும், அது மாடி மூலையில இருக்கும், கவுன்டர்ல கேளுங்க, கேக்கறதுக்கு கூச்சமே படாதீங்க, நாங்க அங்க உக்காந்திருக்கறதே அதுக்குத்தான்.

புக்குக்காக வராதவங்கதான் எங்களுக்கு அதிகம், அதையும் சொல்லணும். அஞ்சாம் படிவத்துப் பிள்ளைங்க எழுதற எஸ்பிஎம் பரீட்சை நெருங்கிட்டா காலையில கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க வந்து நிக்கும். மூணு ரூம் பிளாட்ல ஏழு பேர், டிவி ஒரு பக்கம், சின்னத் தம்பி ஒரு பக்கம், அந்தப் பிள்ளைக்கு இந்த ஒரு மேசையும் நாற்காலியும்தான் படிக்கற ரூம். நகராட்சி மன்றம் டிபிகேஎல், வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான சில பிபிஆர் பிளாட்லயே சின்ன லைப்ரரி வெச்சிருக்கு, கீழ எறங்கினா போதும், பக்கத்து பிளாக்ல இருக்கறது தெரியாமலே மாசாமாசம் டியூஷன் சென்டர்ல மேசைக்கு காசு கட்டறவங்களும் இருக்காங்க. மத்தியானத்துல ஓய்வு பெத்த அங்கிள்மாருங்க பேப்பர் படிக்க வருவாங்க. மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ராத்திரி கடை ஓரத்துல படுக்கறவங்க பகல்ல ஏர்கான்ல கொஞ்சம் உக்கார வருவாங்க. ஏன் வந்தேன்னு யாரையும் கேக்க மாட்டோம். சத்தம் போடாம இருந்தா எல்லாருக்கும் எடம் உண்டு. ஒன்னும் வாங்காம நாள் முழுக்க உக்காரக்கூடிய எடம் இந்த டவுன்ல வேற எங்க இருக்கு, கோயில விட்டா?

அப்புறம் கம்ப்யூட்டர். எஸ்டிஆர்ங்கற அரசாங்க உதவித் தொகை மனு, பல்கலைக்கழகத்துக்கு போடற யூபியூ மனு, ஈபிஎஃப் சேமநிதி கணக்கு, வருமான வரி, எல்லாமே ஆன்லைனுக்கு போனதுக்கப்புறம் எங்க வேலையில பாதி இதுதான். "தங்கச்சி, இதை கொஞ்சம் போட்டுக் குடும்மா, எனக்கு இங்கிலீசும் தெரியாது மலாயும் சரியா வராது"ன்னு ஆன்ட்டிமாருங்க போனையே என் கையில குடுத்துடுவாங்க. பக்கத்துல நின்னு எங்க அமுக்கணும்னு காட்டுவேன், ஆனா "பாஸ்வர்ட் மட்டும் நீங்களே அடிங்க ஆன்ட்டி, என்கிட்ட கூட சொல்லாதீங்க"ன்னு சொல்லிடுவேன். கோவிச்சுக்குவாங்க, பரவால்ல. பொது கம்ப்யூட்டர்ல வேலை முடிஞ்சா லாக்அவுட் பண்ணுங்க, ஐசி (அடையாள அட்டை) படம், பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் டவுன்லோட் ஃபோல்டர்ல விட்டுட்டு போகாதீங்க. அடுத்து வந்து உக்காரப் போறது யாருன்னு உங்களுக்கு தெரியாது, அடுத்தவங்க சம்பள சிலிப்பை நானே எத்தனையோ தடவை அழிச்சிருக்கேன்.

வராம இருக்கறதுக்கு சொல்ற காரணங்கள்ல அபராதம் ஒன்னு. லேட்டானா சென் கணக்குலதான் வரும், புக்கு தொலைஞ்சாத்தான் செலவு, அதுக்கும் வந்து பேசினா வழி இருக்கு, ஒளிஞ்சுக்காதீங்க. இன்னொன்னு உடுப்பு. அரசாங்கக் கட்டடம்ங்கறதால சில எடத்துல அரைக்கால் சட்டை, செலிப்பார் செருப்பு போட்டு வந்தா வாசல் காவலாளி நிறுத்துவார். மெம்பர் ஆகறதுக்கு ஐசி எடுத்துட்டு வாங்க.

ஜாலான் துன் ரசாக்ல இருக்கற தேசிய நூலகத்தைப் பத்தி தனியா சொல்லணும், தெங்கோலோக்ங்கற மலாய் தலைப்பாகை மாதிரி கூரை வெச்ச கட்டடம், தாண்டிப் போறப்ப எல்லாரும் பாத்திருப்பீங்க, உள்ள போனவங்க எத்தனை பேர்? நம்ம எழுத்தாளருங்க முக்கியமா கேளுங்க. சொந்தக் காசுல 300, 500 காப்பி அடிச்சு, ஒரு வெளியீட்டு விழா வெச்சு, மாலை பொன்னாடை எல்லாம் முடிஞ்சு மிச்சத்தை கட்டிலுக்கு அடியில தள்ளிடறோம். 1986ம் வருஷத்து சட்டப்படி இந்த நாட்டுல வெளியாகற ஒவ்வொரு அச்சுப் புத்தகத்துலயும் 5 காப்பி தேசிய நூலகத்துக்கு குடுக்கணும், தமிழா மலாயாங்கறதெல்லாம் கணக்கில்ல. புக்கோட அடையாள நம்பரான ஐஎஸ்பிஎன்னும் அவங்கதான் குடுக்கறாங்க, அதுக்கு காசு கெடையாது. அஞ்சு காப்பி நஷ்டம்னு நெனைக்கறாங்க போல, ஆனா எழுதினவர் போயிட்டா கட்டிலுக்கு அடியில இருக்கறது கரையானுக்கு, இல்லன்னா பழைய பேப்பர்காரருக்கு, 40 வருஷம் கழிச்சு ஒரு மாணவி மலேசியத் தமிழ் எழுத்தை ஆராய்ச்சி பண்ண வந்தா அவ கைக்கு கெடைக்கப் போறது அந்த அஞ்சுல ஒன்னுதான். 1924ல தொடங்கின தமிழ் நேசன் நாளிதழ் 2019ல நின்னு போச்சு, இனிமே பழைய இதழ் வேணும்னா லைப்ரரிய விட்டா ஏது? சிங்கப்பூர் தேசிய நூலகம் அங்கத்து தமிழ் முரசு நாளிதழோட பழைய இதழ்களை ஸ்கேன் பண்ணி இலவசமா ஆன்லைன்ல போட்டிருக்கு, மலாயா காலத்து தோட்டச் செய்தி, தாத்தா பாட்டி காலத்து விளம்பரம் எல்லாம் அதுல வரும், உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது.

2020ம் வருஷத்துக்கு கோலாலம்பூரை உலகப் புத்தகத் தலைநகரமா யுனெஸ்கோ தேர்ந்தெடுத்துச்சு. ஏப்ரல் 23ல ஆரம்பிக்கணும், மார்ச் 18லயே கொரோனாவுக்காக எம்சிஓங்கற நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு கதவெல்லாம் சாத்தியாச்சு, நம்ம அதிர்ஷ்டம் அப்படி. அந்த நேரத்துல போன் பண்ணவங்களுக்கு யு-புஸ்தாகால எப்படி ஈ-புக்கு எடுக்கறதுன்னு சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு. தேசிய நூலகம் நடத்தறதுதான் அது, மலேசியர்களுக்கு இலவசம். தமிழ் கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன்.

ரேக்ல வேணுங்கற புக்கு இல்லன்னா முகம் சுளிச்சுட்டு போகாம, புக்கு வாங்கச் சொல்லி கேக்கற ஃபாரம் ஒன்னு குடுங்கன்னு கேளுங்க. வெறும் "தமிழ் கதை புக்கு வாங்குங்க"ன்னு எழுதினா எங்களால ஒன்னும் பண்ண முடியாது. தலைப்பு, எழுதினவர் பேர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் இருந்தா அதுவும், இங்க எந்தக் கடையில கெடைக்கும்னு தெரிஞ்சா இன்னும் நல்லது, ஏன்னா இந்தியாவுல இருந்து தருவிக்கறது எங்களுக்கு சப்ளையர் வழியா இழுத்தடிக்கற வேலை. ஒரே தலைப்பை நாலு பேர் தனித்தனியா எழுதிக் குடுத்தா, மீட்டிங்ல அந்த நாலு பேப்பரையும் எடுத்து வெச்சு பேசறது என் பாடு.