லீசுக்கு லாரி எடுக்கும் முன் ஒரு வக்கீலின் கணக்கு

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: "எத்தனை நாளைக்குத் தம்பி சம்பளத்துக்கு ஓட்டுவ? மாசம் இவ்வளவு கொடுத்துட்டு வண்டிய நீயே ஓட்டிக்கோ, மிச்சம் எல்லாம் உனக்குத்தான்." கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் லாரித் தொழிலில் இருக்கும் யாருக்கும் இந்த லீசுப் பேச்சு பழகியதுதான்.

நான் இந்த இரண்டு மாவட்டங்களிலும் விபத்து இழப்பீட்டு வழக்குகள், அதாவது எம்.சி.ஓ.பி., நடத்துகிற வக்கீல். எந்த ரூட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகு ஏதோ நடந்து, அப்புறம்தான் வருகிறார்கள். கையெழுத்துக்கு முன்னாலேயே பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சட்டம் உங்களை எங்கே நிறுத்துகிறது என்று பாருங்கள். 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, வண்டியின் உரிமையாளர் யார் என்று சொல்கிறது. பொதுவாக ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், பெயர் உள்ளவர்தான். ஆனால் வண்டி தவணைக் கொள்முதலிலோ, லீசிலோ, கடன் அடமானத்திலோ இருந்தால், அந்த ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்காது, விற்கவும் முடியாது. ஆனாலும் விபத்து வழக்கில் 'உரிமையாளர்' என்று உங்களைக் கொண்டுபோய் நிறுத்த இந்தப் பிரிவு போதும். ஆர்.சி.காரரும் லேசில் தப்ப முடியாது. அதை உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதனால்தான் அவர் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே ஒரு வரி சேர்த்திருப்பார்: "விபத்து, வழக்கு, அபராதம் அனைத்திற்கும் இரண்டாம் பார்ட்டியே பொறுப்பு." அந்த இரண்டாம் பார்ட்டி நீங்கள்.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே? இருந்தால் நல்லது. அது செல்லுபடியாகும் நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி விபத்து செய்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்பது அம்ரித் பால் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு, அதுவும் 2018-இல்தான். எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, முடிந்த வண்டிக்கும் இதே வாதத்தைக் கம்பெனிகள் எடுத்து வைக்கின்றன. 56-ஆவது பிரிவுப்படி எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். லீசுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த வயது வண்டிகள்தான். மல்டி ஆக்சில் (இரண்டுக்கு மேல் அச்சு உள்ள வண்டி) அல்லாத லாரிக்கு 12 வயது தாண்டினால், வெளி மாநிலம் போவதற்கான நேஷனல் பெர்மிட்டே கிடையாது. இதைச் சொல்லாமலேயே பழைய ஆறு சக்கர வண்டியை "பெங்களூர் லைன்ல விட்டுக்கோ" என்று தருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்சூரன்ஸ் கைவிட்டால் எவ்வளவு வரும்? தீர்ப்பாயம் கணக்குப் போடும் முறை ரகசியமில்லை. மாதம் 15,000 ரூபாய் சொந்தத் தொழிலில் சம்பாதித்த 30 வயதுக்காரர் இறந்துபோனார், அவரை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 15,750. வருஷத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கல் எண் 17. மொத்தம் 32,13,000 ரூபாய். இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவு போன்ற சில தலைப்புகளும் வட்டியும் சேரும். சம்பள டிரைவரையும் வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள்தான். ஆனால் பணம் என்று வரும்போது முதலாளியும் கம்பெனியும் முன்னால் நிற்பார்கள். லீசில் ஓட்டும்போது அந்த முதலாளி இடத்திலும் நீங்களே நிற்கிறீர்கள்.

இதுவரை சொன்னது அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியது. உங்கள் உயிருக்கு என்ன கிடைக்கும் என்பதை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல், இரட்டைப் பாலத்துப் பக்கம் கவிழ்ந்த வண்டிகள் எத்தனை என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாகக் கவிழ்ந்து 30 வயது டிரைவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். அவர் சம்பள டிரைவர் என்றால் ஊழியர் இழப்பீட்டுக் கணக்கு இருக்கிறது: மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்து, 30 வயதுக்கான 207.98 என்ற எண்ணால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். யார் தவறு என்று நிரூபிக்கும் வேலை இதில் இல்லை. சம்பளம் கொடுத்து வைத்த டிரைவருக்கான இந்தப் பொறுப்பு லாரியின் பாலிசியிலேயே அடங்கிவிடும்.

அதே டிரைவர் அதே வளைவில் லீசு வண்டியில் இறந்தால்? அவர் யாருக்கும் ஊழியர் இல்லை. உரிமையாளரிடம் வண்டி வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், அதனால் அந்த வண்டியின் இன்சூரன்ஸிலேயே மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று 2020-இல் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிள் பற்றிய வழக்கு என்றாலும், லாரி வழக்குகளிலும் இதே தீர்ப்பை எடுத்து நீட்டுகிறார்கள். ராம்கிலாடி வழக்கில் அந்தக் குடும்பத்துக்குக் கடைசியில் மிஞ்சியது பாலிசியின் தனிநபர் விபத்துக் காப்பீட்டிலிருந்து 1 லட்சம் ரூபாய். இப்போது அந்தக் காப்பீடு 15 லட்சம். ஆனால் அது ஆர்.சி.காரர் தானே ஓட்டும்போது என்று எழுதப்பட்டது. உங்கள் வீட்டார் அதைக் கேட்டுப் போனால் கம்பெனி முதலில் இல்லை என்றுதான் சொல்லும்.

ஆகவே லீசு என்று முடிவாகிவிட்டால், முதல் மாத வாடகைக்கு முன்னால் உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா திட்டம் 2 லட்சம்தான் தரும், அதையும் விடாதீர்கள்.

லீசு என்ற பெயரில் இன்னொன்றும் நடக்கிறது. "பைனான்ஸ் டியூ மட்டும் கட்டிட்டு வா, கடன் முடிஞ்சா வண்டி உனக்கு." ஆர்.சி. அவர் பெயரில், கடன் அவர் பெயரில், டியூ கட்டுவது நீங்கள். எல்லாத் தவணையும் கட்டி முடித்துப் போனால், அவர் வாங்கிய வேறொரு கடனுக்கும் இதே வண்டியைச் சேர்த்திருக்கிறார் என்று சொல்லி பைனான்ஸில் என்.ஓ.சி. (கடன் பாக்கி இல்லை என்ற தடையில்லாச் சான்று) தர மறுப்பார்கள். நடுவில் அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் வந்து சாவியைக் கேட்பார்கள். இந்த ஏற்பாட்டை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கடனையும் ஆர்.சி.யையும் உங்கள் பெயருக்கு மாற்ற பைனான்ஸ் சம்மதித்தால் எடுங்கள், இல்லையென்றால் வந்த வழியே திரும்பி விடுங்கள்.

வருமானம் பற்றி ஒரே ஒரு விஷயம். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசனில் வண்டிக்குக் கிராக்கி. மே, ஜூன் மாத ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் அதிகம். சீசன் முடிந்த பிறகு, எஃப்.சி. வேலைக்காக வண்டி பட்டறையில் நிற்கும் மாதத்திலும் அதே வாடகைதான். அதை ஈடுகட்ட ஓவர்லோடு ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பித்து, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 சேரும். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் டிரைவர்களுக்கு லாரியை லீசுக்குக் கொடுத்து விற்கும் திட்டங்களை ஆராய அரசே ஒரு குழு அமைத்தது. அப்படிப்பட்ட திட்டங்களைத் தடை செய்யச் சொல்லி 2025-இல் அது அறிக்கை கொடுத்தது.

என் கருத்தைக் கேட்டால், புதிதாக வந்தவர் இரண்டு வருஷமாவது சம்பளத்துக்கும் படிக்காசுக்கும் ஓட்டுவது நல்லது. எந்த புக்கிங் ஆபீஸ் பாக்கி வாடகையை இழுத்தடிக்கும், எங்கே ரிட்டன் லோடு கிடைக்கும் என்பதெல்லாம் முதலாளி காசில் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் லீசு வேண்டும் என்றால், இன்ஜின், கியர்பாக்ஸ் வேலை உரிமையாளர் செலவு என்றும், வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கு வாடகை இல்லை என்றும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவர் வண்டியின் நிலை தெரிந்துதான் மறுக்கிறார். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளையும் கட்டாத சலான்களையும் நீங்களே பாருங்கள். லீசு விவரத்தை 51-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் ஏற்றலாம், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்கலாம்.

செக் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் கடனுக்காகக் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பது 2019-இன் பீர் சிங் தீர்ப்பு. செக் வழக்கில் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. அட்வான்ஸ் வேண்டும் என்று கேட்டால் வங்கி மூலமாக அனுப்பி ரசீது வாங்குங்கள், செக் வேண்டாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் ரீடிங் மூன்றையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆர்.சி.யில் லீசு ஏறியிருந்தால் ஃபாரம் 35 போட்டு நீக்கச் சொல்லுங்கள். ஒப்படைத்த மறுநாள் அந்த வண்டி எங்காவது மோதினால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும். அப்போது என்னிடம் காட்ட அந்த ஒரு தாள் வேண்டும்.