விசுவாசம்: ஒரு சொல்லும் அதன் மாற்றுச் சொல்லும்

உறவுக்காரர் வீட்டுத் துக்கம். உடல் வந்து சேரவில்லை. அதுவரை செபமாலை சொல்லலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பெரியம்மாக்கள் 'பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன்' என்றார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த இளவட்டம் 'தந்தையாகிய கடவுளை நம்புகிறேன்' என்றது. கிறிஸ்தவர் தம் கோட்பாட்டை அறிக்கையிடும் விசுவாச மந்திரம் அது. ஒரே செபம்; பழையதும் புதியதுமாக இரண்டு தமிழ். வாசல் ஆமென் சொல்லி முடித்தபோது உள்ளே இன்னும் 'அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை' விசுவசித்துக்கொண்டிருந்தார்கள். புதியதில் அது 'புனிதர்களுடைய சமூக உறவு'. சீக்கிரம் முடியத்தானே செய்யும்!

பக்கத்தில் இருந்த மாமா, "ரெண்டும் ஒண்ணுதான்யா" என்றார். ஒன்றுதானா?

விசுவாசம் வடசொல். 'வி' என்னும் முன்னொட்டும், மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'ஶ்வஸ்' என்னும் வேரும் சேர்ந்தது. சுவாசம் பிறந்ததும் இதே வேரிலிருந்துதான். தாராளமாக மூச்சுவிடுவது, பயமின்றி ஆசுவாசமாக இருப்பது என்பதிலிருந்து, ஒருவரிடம் அப்படி இருக்க முடிகிற நிலை, அதாவது அவர்மேல் உள்ள நம்பகம் என்று பொருள் வளர்ந்தது. ஆசுவாசமும் இந்தக் குடும்பம்தான். லத்தீனில் ஆவியைக் குறிக்கும் 'ஸ்பீரித்துஸ்' என்ற சொல்லுக்கும் மூச்சு என்றுதான் அடிப்படைப் பொருள். (பெரியம்மாக்கள் சொல்லும் 'இஸ்பிரீத்துசாந்து' அதன் போர்த்துகீசிய வடிவம்.) ஆன்மிகத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் 'ஸ்பிரிச்சுவாலிட்டி' அதிலிருந்து வந்தது. ஆன்மிகம் வேறு, விசுவாசம் வேறு என்று இப்போது பலர் பிரித்துப் பேசுகிறார்கள். வேரில் பார்த்தால் இரண்டும் மூச்சைப் பற்றிய பேச்சு.

தமிழுக்கு வந்த விசுவாசம் இன்னொரு பக்கம் சாய்ந்துவிட்டது. நாய் விசுவாசமுள்ள பிராணி. தொண்டர் தலைவருக்கு விசுவாசி. உப்பிட்டவருக்கு 'நன்றி விசுவாசம்' வேண்டும். எங்கும் பொருள் பற்றுறுதிதான். ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. நாய்க்கு எஜமானர் உண்டா என்ற சந்தேகம் வராது. இதன் எதிர்ச்சொல்லைப் பாருங்கள்: விசுவாசகாதகம். ஐயப்படுவது அல்ல, காட்டிக்கொடுப்பது.

நம்பிக்கைக்கு வேறு அக்கம்பக்கம். 'கடவுள் நம்பிக்கை உண்டா?' என்று தமிழ்நாட்டில் கேட்டால், கடவுள் இருக்கிறார் என்று ஏற்கிறீர்களா என்று அர்த்தம். மூடநம்பிக்கை என்கிறோம், மூட விசுவாசம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுயமரியாதை இயக்கம் நூறாண்டாகக் கேட்டுவரும் கேள்வியெல்லாம் நம்பிக்கை என்ற சொல்லின் வாசலில்தான் நிற்கிறது.

ஆனால் 'நம்பு' தொடக்கத்தில் இந்தப் பொருளில் இல்லை. தொல்காப்பியத்தின் உரியியல் 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது. நசை என்றால் விருப்பம். நம்புதல் என்பது விரும்புதல். அந்த வாடை இன்னும் போய்விடவில்லை. 'மழை வரும்னு நம்பிக்கை இருக்கு' என்று விவசாயி சொன்னால் அது கோட்பாடு இல்லை, ஆசை.

இந்த இரட்டைப் பொருள்தான் மொழிபெயர்ப்பாளர்களைப் படாதபாடு படுத்தியது. கத்தோலிக்க மறைக்கல்வியில் கடவுளை நேராகச் சார்ந்த புண்ணியங்கள் மூன்று. பழைய செபங்களின் தொகுப்பான மந்திரப் புத்தகம் அவற்றுக்கு விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்று செபங்கள் வைத்திருந்தது. முதலாவதற்கு விசுவாசம், இரண்டாவதற்கு நம்பிக்கை, சண்டையில்லை. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நல்ல தமிழில் எழுத முனைந்தது. விசுவாசத்தை நீக்கி அங்கே நம்பிக்கையை வைத்தது. அப்போது இரண்டாம் நாற்காலி காலியாகிவிட்டது. அதில் உட்கார வந்த சொல்தான் எதிர்நோக்கு.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரம், கடைசி வசனம். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் இன்றும் ஓதப்படும் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. இரண்டிலும் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் ஒரே நம்பிக்கை இல்லை. கலப்புத் திருமண வீட்டில் சீர்திருத்தச் சபை மாப்பிள்ளை வேதாகமத்தையும் கத்தோலிக்கப் பெண் விவிலியத்தையும் திறந்துவைத்து வாசித்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

எபிரெயர் மடலின் 11ஆம் அதிகாரம் இன்னும் சிக்கல். பழையது 'விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதி' என்று தொடங்கும். இன்றைய காதுக்கு, நாம் உண்மை என்று நம்பும் விஷயங்களின் உறுதி என்றுதான் விழும். கிரேக்க மூலம் சொல்வது அதையல்ல. ஆசையோடு காத்திருக்கும் காரியங்களை. 'நம்பு' என்பதற்கு நசை என்று பொருள் தெரிந்தவருக்கே பழைய வரி சரியாக விளங்கும். பொது மொழிபெயர்ப்பு 'நாம் எதிர்நோக்கி இருப்பவை' என்று போட்டது. இந்த இடத்தில் புதியதே தெளிவு என்பேன், தயங்காமல்.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் கண்டாலொழிய ஏற்க மாட்டேன் என்ற சீடர் தோமாவின் கதையில் அப்படிச் சொல்ல வரவில்லை. உயிர்த்த இயேசு அவரிடம் சொல்வது பழையதில் 'அவிசுவாசியாயிராமல் விசுவாசியாயிரு'. புதியதில் 'ஐயம் தவிர்த்து நம்பிக்கைகொள்'. கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'பிஸ்தோஸ்' என்ற சொல். அதற்கு நம்புகிறவர் என்றும் பொருள், உண்மை மாறாதவர் என்றும் பொருள். 'ஐயம் தவிர்த்து' என்றதும் தோமா சந்தேகப்பேர்வழியாக மட்டும் நிற்கிறார். 'விசுவாசியாயிரு' என்பதில் கூட்டத்தை விட்டு விலகிப்போனவனே, திரும்பி வா என்ற குரலும் கேட்கிறது. சென்னை பரங்கிமலையில் அந்தத் தோமாவை நினைத்துப் படியேறுகிறவர்கள் எந்தக் குரலைக் கேட்டு ஏறுகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

இனி, கத்தோலிக்கருக்குள்ளேயே இருக்கும் கருத்து வேறுபாடு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உரோமை சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள் என்றொரு எண்ணம். விசுவாசம் என்றால் என்ன என்பதிலேயே அவர்கள் ஒரே குரலில் பேசியதில்லை. 1870இல், உலக ஆயர்கள் கூடிய முதல் வத்திக்கான் சங்கம், கடவுள் வெளிப்படுத்தியவற்றை அவர் வெளிப்படுத்தினார் என்பதற்காகவே உண்மை என ஏற்பது என்று அழுத்திச் சொன்னது. அறிவு தலைவணங்க வேண்டும் என்பது அதன் தொனி. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த வாசகத்தை விட்டுவிடாமலே, மனிதர் தம்மை முழுவதும் சுதந்திரமாகக் கடவுளிடம் கையளிப்பது என்பதை முன்னால் கொண்டுவந்து வைத்தது. முதலாவதற்கு விசுவாசம் பொருந்துகிறது: முன்னோரிடமிருந்து வாங்கிய பொருள், காப்பாற்ற வேண்டியது, மீறினால் துரோகம். இரண்டாவதற்கு நம்பிக்கை: நான், என் மனம், என் முடிவு. அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கத்தார் கைதூக்கிப் பாடுவதும், பழைய லத்தீன் பூசைக்காக ஏங்குகிறவர்கள் முழந்தாளில் நிற்பதும் ஒரே கோயிலில்தான். முன்னவர் கேட்பது அனுபவம், பின்னவர் கேட்பது மரபு.

இவ்விரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிறது ஒரு கூட்டம். அவர்களிடம் கேட்டால் 'மாதாவ நம்பி வந்தோம்' என்பார்கள். விசுவசித்து வந்தோம் என்று சொல்ல மாட்டார்கள். அது மந்திரப் புத்தகத்துக்கான வினை. நடப்பவர்களில் இந்துக்களும் உண்டு. அந்த 'நம்பி'யில் கோட்பாடு கொஞ்சம், நேர்ச்சை நிறைய. இதை அரைகுறைப் பக்தி என்று மட்டம்தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். தொல்காப்பியர் சொன்ன நம்புதல் அதுதானே!

ஒரு வேடிக்கை. மீட்புக்கு விசுவாசம் ஒன்றே போதும் என்றவர், சீர்திருத்தச் சபைகள் தோன்றக் காரணமான லூத்தர்; அவர் அதில் கண்டது கடவுள்மேல் உள்ளார்ந்த நம்பகம். கோட்பாடுகளை ஏற்பதையும் செயல்களையும் சேர்த்துப் பிடித்தது கத்தோலிக்கத் தரப்பு. அந்தப் பழைய வழக்கில் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. தமிழில் நடந்ததைப் பாருங்கள்: லூத்தரின் வாரிசுகள் விசுவாசம் என்ற சொல்லை இறுகப் பிடித்திருக்கிறார்கள், கத்தோலிக்கர் நம்பிக்கைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இறையியல் ஒரு பக்கம் போக, சொல் மறுபக்கம் போயிருக்கிறது.

இலக்கணத்திலும் ஒரு சங்கதி. பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீனார் லத்தீனில் மூன்று வகை நம்புதலைப் பிரித்தார்: கடவுள் சொல்வதை நம்புவது, கடவுள் இருப்பதை நம்புவது, கடவுளையே நம்பி அவரை நோக்கிப் போவது. மூன்றாவதற்கு லத்தீன் 'இன்' என்ற முன்னிடைச் சொல்லைச் சேர்க்கும். விசுவாச மந்திரத்தின் லத்தீன் மூலத்தில் தந்தைக்கும் மகனுக்கும் ஆவிக்கும் அந்த 'இன்' உண்டு, திருச்சபைக்குக் கிடையாது. படைத்தவரை அவர் செய்த வேலையோடு குழப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி என்று 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் விளக்குகிறது. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஐ'தான்: கடவுளை நம்புகிறேன், திருஅவையை நம்புகிறேன், பாவ மன்னிப்பை நம்புகிறேன். 'கடவுளை நம்புறேன், சாமியார்களை நம்பல' என்று சொல்லிவிட்டு ஞாயிறு பூசைக்கு வராமலிருக்கும் பையனை, கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் அதட்டுகிறார். லத்தீன் தெரிந்திருந்தால், பையன் சொன்னதில் பாதி மந்திரத்திலேயே இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டிருக்கும்.

அந்த மந்திரத்தின் முதற்சொல்லான லத்தீன் 'க்ரேதோ'வுக்கும் வடமொழி 'ஶ்ரத்தா'வுக்கும் ஒரே மூதாதை. தமிழில் அதன் பேத்தி சிரத்தை. 'சிரத்தையா படி' என்று பள்ளிக்கூடத்தில் சொல்வோமே, அதுவேதான். தேவாலயத்துக்குள் அதை யாரும் அழைக்கவில்லை. பூசையைக் குறிக்கும் 'மீசா' என்ற போர்த்துகீசியச் சொல் தமிழ்க் காதில் மீசையாக விழுந்த சங்கடத்துக்குப் பிறகு, 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இயேசு சபைத் துறவி தெ நொபிலியும் அவர் வழிவந்தவர்களும் பூசை, சர்வேசுரன் என வடசொற்களைத் தேடித்தேடி அள்ளினார்கள். சிரத்தை ஏனோ தப்பிவிட்டது.

சரி, ஏற்ற தமிழ்ச்சொல் எது? வள்ளுவரிடம் போனால் 'தெளிதல்' கிடைக்கும். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்'. ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பியபின் சந்தேகப்படுவதும் துன்பம். ஆராய்ந்து நம்புதலுக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் தெளிவு இன்று வேறு வேலைக்குப் போய்விட்டது; 'கடவுளைத் தெளிகிறேன்' என்று செபித்தால் யாருக்கும் புரியாது. ஆகவே என் கட்சி இது: வினைக்கு நம்புகிறேன். சபை வழிவழியாகக் காத்துவரும் கோட்பாட்டுத் தொகுதிக்கு விசுவாசம் இருந்துவிட்டுப் போகட்டும். பற்றுறுதி என்ற பொருளை அதைவிட்டால் சுமக்க ஆளில்லை. எதிர்நோக்கு நன்றாக வார்த்த சொல்தான், ஆனால் இன்னும் பலிபீடத்திலிருந்து இறங்கி அடுப்படிக்கு வரவில்லை. கத்தோலிக்கரின் சிறப்புப் புனித ஆண்டான 2025 யூபிலிக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று தட்டி கட்டியிருந்தபோது, எதை எதிர்நோக்கி என்று எங்கள் தெருவில் ஒரு பாட்டி கேட்டார். கேட்டதில் தப்பில்லை. நோக்குவதற்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும், ஆசைக்கு வேண்டாம்.

போன ஞாயிறு கையில் கொடுத்த வழிபாட்டுத் தாளில், மறையுரைக்குப் பின் 'நம்பிக்கை அறிக்கை' என்று அச்சிட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே 'விசுவாசிகள் மன்றாட்டு'.