ஒரு சுற்றை வெட்டினால் வண்டி எவ்வளவு இறங்கும்?

1960களின் செவர்லே சி10 பிக்கப் டிரக்கைத் தரையை உரசும் அளவுக்குத் தாழ்த்தி ஓட்டுவதில் அமெரிக்காவில் பலருக்குத் தீராத மோகம். அதற்குச் செலவு குறைந்த வழி, முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரு சுற்றை வெட்டிவிடுவது. அந்தச் சுற்றின் உயரம் 50 மில்லிமீட்டர் என்றால் வண்டியும் 50 இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாட்டிவிட்டு அளந்தால் 75 இறங்கியிருக்கும்.

விடை கம்பிக்குள் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கும்போது அதன் கம்பி வளைவதாகத் தோன்றும். உண்மையில் அது முறுக்கிக்கொள்கிறது. ஈர வேட்டியைப் பிழிவதுபோல, கம்பி தன் நீளம் முழுவதும் திருகுகிறது. 1960 முதல் 1962 வரை இதே சி10-இன் முன்பக்கத்தில் சுருளுக்குப் பதிலாக, முறுக்கிக்கொண்டே சுமையைத் தாங்கும் நேரான முறுக்குத்தண்டுதான் இருந்தது. 1963-இல் சுருள் வந்தது. பார்வைக்குத்தான் இரண்டும் வேறு. அந்தத் தண்டையே மெலிதாக்கி, நீட்டி, சுற்றி வைத்தால் சுருள்.

ஒரே வலுவில் பிழிந்தாலும் கைக்குட்டையைவிட நீளமான வேட்டி அதிகமாகத் திருகும் அல்லவா? கம்பியும் அப்படித்தான். நீளம் குறைந்தால் விறைப்பு கூடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வேலை செய்யும் சுற்றுகள் 8, சும்மா இருக்கும்போது உயரம் 400 மில்லிமீட்டர், மேலே அமரும் சுமை 800 கிலோ, அதில் ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 800 கிலோவை எட்டுச் சுற்றுகளும் பங்கு போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொரு சுற்றும் முழுச் சுமையையும் தாங்கி, 12.5 மில்லிமீட்டர் அமுங்குகிறது. ஆக, வண்டிக்கு அடியில் ஒரு சுற்று பிடிக்கும் இடம் 50 அல்ல, 37.5. ஒன்றை எடுத்தால் ஸ்பிரிங் குறுகுவதும் அந்த 37.5 தான். மீதி ஏழு சுற்றுகளுக்கு நின்ற நிலையில் எந்தக் கூடுதல் பாரமும் இல்லை. ஆனால் மொத்த விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது சுமார் 14 சதவீதம் ஏறிவிடுகிறது.

அப்படியானால் 75 எப்படி? ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காரவில்லை. ஒரு முனையில் கீல், மறு முனையில் சக்கரம் என்றிருக்கும் கீழ்க்கையின் நடுவில் உட்காருகிறது. நடுப்புள்ளி 37.5 நகர்ந்தால் நுனி இரண்டு மடங்கு நகரும். கிணற்று ஏற்றம் போல இதுவும் நெம்புகோல்தான். சக்கரத்தில் 400 கிலோ இருந்தால் ஸ்பிரிங்கில் 800 கிலோ ஏறுவதும் இதனால்தான்.

எதைக் கொண்டு வெட்டுவது என்பது சின்ன விஷயமல்ல. கேஸ் கட்டர் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் எஃகு சூடாக்கி, குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், அந்தச் சுற்று நாளடைவில் தொய்யும் அல்லது முறியும். வெட்டும் கல் பொருத்திய கிரைண்டரே சரி. சாக்பீஸால் குறியிட்டு, முதலில் அரைச் சுற்று வெட்டி, மாட்டி, அளந்து, தேவையானால் மறுபடி வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. கழற்றும்போதும் கவனம் வேண்டும்: 100 மில்லிமீட்டர் அமுங்கிய அந்த ஸ்பிரிங்கில் சுமார் 400 ஜூல் ஆற்றல் அடைந்துகிடக்கிறது. 40 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

உயர்த்துவதற்கு வெட்டும் வேலையே இல்லை. ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையக் கட்டையை வைத்தால் போதும். சுற்றுகள் மாறாததால் விறைப்பும் மாறாது.

தாழ்த்தியவருக்குத்தான் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலேற முன்பு 100 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்றால், இப்போது 25 தான். 14 சதவீத விறைப்பு அந்தக் குறையை ஈடுகட்டாது. சற்றே பெரிய குழி வந்தாலும் கீழ்க்கை ரப்பர்த் தடுப்பில் போய் இடிக்கும். அதனால் ஸ்பிரிங்கை வெட்டிய கையோடு அந்த ரப்பரையும் பாதியாக அறுத்துவிடுகிறவர்கள் உண்டு.